பிரயாண ஜெபமும் அதற்குப் பிறகும்: மலையகத்துக்கு ஊழியர்களை அனுப்பும் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஊழியர்களை அனுப்புகிற மிஷன் குழுக்களுக்கும், எங்களுக்காக ஜெபிக்கிற சபைகளின் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

ஸ்தோத்திரம்.

உங்கள் மாதாந்த ஜெபக் குறிப்பில் மலையகம் என்ற தலைப்பின் கீழே தவறாமல் வருகிற வரி ஒன்று உண்டு: ஊழியர்களின் பிரயாணப் பாதுகாப்புக்காக. கொழும்பிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்துகொண்டு, எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல், உபவாச ஜெபத்தில் அந்த வரியை வாசித்து மன்றாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் நன்றி. இதை ஒப்புக்குச் சொல்லவில்லை. இந்த மலைகளில் பஸ் ஏறுகிற எவருக்கும் அந்த ஜெபம் வேண்டும். ஆனால் அந்த ஒரு வரியோடு நம்முடைய கடமை முடிந்தது என்று குழுக்கள் நினைக்கத் தொடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. தனியாக எழுதினால் கோப்பில் தூங்கிவிடும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தவர். அட்டனில் தங்கி, டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களுக்குப் போய்வருகிறேன். பெரும்பாலும் பஸ். பஸ் போகாத டிவிஷனுக்கு, அதாவது தோட்டத்தின் உட்பிரிவுக்கு, ஆட்டோ. ஆட்டோ ஏறாத இடத்துக்குக் கால்.

அந்தப் பாதைகளை உங்களில் பலர் டிசம்பர் லீவில் வேனில் வந்து பார்த்திருப்பீர்கள். வேனில் பார்ப்பது வேறு. மாலை நாலு மணிக்கே பனி இறங்கிவிட்ட ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகாது. முடக்கில் எதிரே கொழுந்து லொறி வருகிறது. இரண்டில் ஒன்று பின்னுக்குப் போயாக வேண்டும். வழக்கம்போல நம்முடைய பஸ்தான். கண்டக்டர் தம்பி குதித்து இறங்கி, பஸ்ஸின் பக்கத் தகட்டைத் தட்டிக்கொண்டே "ஹரி... ஹரி... ஹரி..." (சரி, சரி) என்று சிங்களத்தில் குரல் கொடுக்கிறான். பின் டயர் பாதை ஓரத்து மண்ணை மிதிக்கும்போது சிறு கற்கள் உருண்டு கீழே தேயிலைக்குள் விழுகிற சத்தம் ஜன்னலோரத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும். டிரைவருக்கு முன்னால் பிள்ளையாரும் புத்தரும் வேளாங்கண்ணி மாதாவும் பிளாஸ்டிக் பூவோடு ஒரே பலகையில் நிற்கிறார்கள். பஸ்ஸுக்குள் ஒருவர் "முருகா" என்கிறார், ஒருவர் புத்தரை நினைத்து "புது சரணய்" என்கிறார், நான் "யேசப்பா" என்கிறேன். அந்த நேரத்தில் யாருடைய உபதேசம் சரி என்று யாரும் கேட்பதில்லை. எல்லோரும் அந்தத் தம்பியின் கையைத்தான் நம்பியிருக்கிறோம்.

2025 மே 11ஆம் திகதி கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் கொத்மலை கெரண்டிஎல்லையில் பள்ளத்தில் விழுந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது எங்கள் பக்கம் யாரும் "இப்படியும் நடக்குமா" என்று கேட்கவில்லை. அந்த இடத்தைத் தெரியாதவர்கள் குறைவு. 1974 டிசம்பர் 4ஆம் திகதி நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதி 191 பேர் இறந்ததை இங்கே வயதானவர்கள் இன்னமும் சொல்வார்கள். அந்த விமானத்தில் வந்தவர்கள் இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் கடமைக்காகப் புறப்பட்டவர்கள். அவர்களையும் வீட்டார் ஜெபித்துத்தானே வழியனுப்பியிருப்பார்கள்? ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

சரி, பாதைதான் ஆபத்து, வீட்டில் இருந்தால் பத்திரம் என்று சொல்லலாமா? மலையகத்தில் அதுவும் முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மூடியது. வீட்டில் இருந்தவர்கள் மண்ணுக்குள் போனார்கள். பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள்; சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அங்கே பிரயாணம் போனவர்தான் தப்பினார். உங்கள் ஜெபக் குறிப்பில் பிரயாணம் போகாமல் லயத்துக் காம்பராவில் படுத்திருக்கிறவருக்கு ஒரு வரி உண்டா என்று தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைத்த இதழ்களில் இல்லை.

இனி கொஞ்சம் கடினமான விஷயத்துக்கு வருகிறேன்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை என்று மலைநாடு முழுவதும் மண் சரிந்தது. பாதைகள் அறுந்தன, ரயில் பாதையின் அடிமண் கழன்று தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பிந்திய வாரங்களில் நிவாரணப் பொருட்களோடு மேலே வந்த நல்ல மனிதர்கள் பலர். அவர்களில் ஒரு சகோதரர் ஆராதனையில் சாட்சி சொன்னார். அவருடைய வேன் ஓர் இடத்தைத் தாண்டிச் சற்று நேரத்தில் அங்கே மண் இறங்கியதாம். "கர்த்தர் தம்முடைய பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றுகிறார் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பின்வரிசையில் கைதட்டல் எழும்பியது. முன்னால் பாயில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். அவருடைய தங்கை குடும்பத்தை அதே வாரத்தில்தான் தோண்டி எடுத்திருந்தார்கள். அந்தத் தங்கையும் ஞானஸ்நானம் பெற்றவர்தான். அக்கா கை தட்டவில்லை, எழும்பிப் போகவும் இல்லை. மடியில் இருந்த பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அந்தச் சகோதரர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உயிர் தப்பியவன் நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா? ஆனால் நன்றி சொல்வது ஒன்று, தப்பியதையே பிள்ளை என்பதற்கு அத்தாட்சியாகக் காட்டுவது இன்னொன்று. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று ஆண்டவர் கேட்டார். இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். அந்தப் பதிலைத் திருப்பிப் பிடித்தாலும் அது நிற்கும். கோபுரம் தலையில் விழாதவர்கள் மற்றவர்களைவிட நல்லவர்களும் அல்ல. எங்கள் கூட்டங்களில் இந்தப் பகுதியில் பிரசங்கம் கேட்டே எவ்வளவோ நாளாகிறது. 91ஆம் சங்கீதம் மட்டும் வேன் கண்ணாடி முழுக்க ஒட்டியிருக்கிறது: ஆயிரம் பேர் விழுந்தாலும் அது உன்னை அணுகாது.

அந்தச் சங்கீதத்தின் மேல் எனக்கும் பிரியம் உண்டு. இராத்திரி பஸ்ஸில் நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதை ஆண்டவருக்கு முன்னால் வசனமாக எடுத்துக் காட்டியது யார் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, கீழே குதியும், உம்முடைய பாதம் கல்லில் இடறாதபடி தூதர்கள் ஏந்துவார்கள் என்று சொன்னவன் பிசாசு. கர்த்தரைப் பரீட்சை பாராதே என்பதுதான் அவனுக்குக் கிடைத்த பதில்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், எங்களுக்கு வருகிற தொலைபேசி அழைப்புகள் சில அந்த உப்பரிகையை ஞாபகப்படுத்துகின்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு என்றால் அந்த இடத்தை விட்டு வெளியேறு என்று அர்த்தம். சனங்களை வெளியே வா என்று சொல்கிற நாளில், "கூட்டம் ஏற்கெனவே ஒழுங்கு பண்ணியாச்சு, விசுவாசத்தோடு போங்க சிஸ்டர், நாங்க ஜெபிக்கிறோம்" என்று கீழேயிருந்து சொன்னால் நாங்கள் என்ன செய்வது? போகாவிட்டால் மாத அறிக்கையில் "சந்தித்த தோட்டங்கள்" என்ற கட்டத்தில் எண் குறையும். குறைந்த எண்ணுக்கு விளக்கம் கேட்டு இன்னொரு அழைப்பு வரும். இளம் ஊழியர்கள், முக்கியமாகப் புதிதாகத் திருமணம் செய்த தம்பிமார், அந்த அழைப்புக்குப் பயந்தே மோட்டார் சைக்கிளை எடுக்கிறார்கள்.

பவுல் அப்போஸ்தலரைவிட விசுவாசம் உள்ளவர்கள் நம்மில் இல்லை என்று நினைக்கிறேன். ரோமாபுரிக்குப் போகும் வழியில் அவர் சொன்னதைப் படித்துப் பாருங்கள். உபவாச நாளும் கழிந்துவிட்டது, கடல் கெட்டுப்போகிற காலம், இப்போது புறப்பட்டால் கப்பலுக்கும் உயிருக்கும் சேதம் வரும் என்றார். வானிலை அறிக்கை மாதிரிதான் இருக்கிறது அந்தப் பேச்சு. நூற்றுக்கு அதிபதி அவரை விட்டுவிட்டு மாலுமியையும் கப்பல்காரனையும் நம்பினான். கப்பல் உடைந்தது. 276 பேரும் கரை சேர்ந்தார்கள், உண்மை. ஆனால் அந்தக் கிருபையை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பவுல் "போகலாம், பயமில்லை" என்று சொல்லவில்லை. போக வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆகவே ஒரு தோட்டத்துக் கூட்டத்தை மழைக்காக நிறுத்துகிற ஊழியரை அவிசுவாசி என்று எழுதிவைக்காதீர்கள். எச்சரிக்கை நாளில் போகாமல் இருக்க எங்களுக்கு எழுத்தில் அனுமதி தாருங்கள். இருட்டிவிட்டால் தோட்டத்திலோ டவுனிலோ தங்குவதற்கு ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். இராத்திரிப் பயணத்தில் பாதிக்கு மேல் அந்தத் தொகை இல்லாததால் வருகிறது, வைராக்கியத்தால் அல்ல.

பணம் என்று வந்துவிட்டதால் அதையும் பேசிவிடுகிறேன். யாக்கோபு நிருபத்தில் எல்லோருக்கும் தெரிந்த இடம்: இன்றைக்கு அல்லது நாளைக்கு இன்ன ஊருக்குப் போவோம் என்கிறீர்களே, நாளைக்கு நடப்பது உங்களுக்குத் தெரியாதே, உங்கள் ஜீவன் கொஞ்சக் காலம் தோன்றி மறைகிற புகையைப் போலிருக்கிறதே. அதனால்தான் நம்முடைய கல்யாணப் பத்திரிகையிலும் சுவிசேஷக் கூட்டத்துப் போஸ்டரிலும் "கர்த்தருக்குச் சித்தமானால்" என்று போடுகிறோம். போஸ்டரில் போடுகிறவர்கள் கணக்குப் புத்தகத்தில் போடுவதில்லை. நாளை ஓர் ஊழியர் பள்ளத்தில் விழுந்தால் அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன என்பது எந்தக் கோப்பிலும் இல்லை.

எங்களில் பலருக்கு வருவது சம்பளம் அல்ல, உதவித்தொகை அல்லது அன்பளிப்பு. பெயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரால், சம்பளக்காரருக்குச் சட்டப்படி சேமிப்பாகக் கட்டப்படுகிற ஊழியர் சேமலாப நிதி கிடையாது, நம்பிக்கை நிதி கிடையாது. கொழுந்து பறிக்கிற எங்கள் அம்மாவுக்குக்கூடச் சட்டப்படி அவருடைய பங்கு 8 வீதமும் கம்பனியின் பங்கு 12 வீதமும் கட்டப்பட்டது. அது போதுமா, ஒழுங்காகக் கையில் வந்ததா என்பது வேறு கதை. ஆனால் கேட்பதற்கு ஒரு சட்டமாவது இருந்தது. அந்த அம்மாவுக்குச் சுவிசேஷம் சொல்லப் போகிற மகளுக்கு அதுவும் இல்லை. ஓர் ஊழியர் விபத்தில் படுத்தால் வட்ஸ்அப்பில் ஜெப விண்ணப்பம் வரும், அப்புறம் வங்கிக் கணக்கு இலக்கம் வரும். முதல் வாரம் நிறையப் பேர் அனுப்புவார்கள். ஆறாம் மாதத்தில் அந்தக் குடும்பத்தை நினைக்கிறவர்கள் பக்கத்து லயத்து ஆட்கள்தான்.

யாக்கோபு அந்தப் புகை வசனத்தோடு நிறுத்தவில்லை என்பதையும் பாருங்கள். அடுத்த மூச்சிலேயே, நன்மை செய்யத் தெரிந்தும் செய்யாமல் போனால் அது பாவம் என்கிறார். இன்னும் சில வரிகள் தள்ளி, வயலை அறுத்தவனுடைய பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்கிறார். வாழ்க்கை நிச்சயமில்லை என்பதை அவர் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நிச்சயமில்லாத வாழ்க்கையில் கொடுக்க வேண்டியதை இன்றைக்கே கொடு என்கிறார். எனக்கு அப்படித்தான் படுகிறது. உங்களில் வேதம் கற்றவர்கள் வேறு விதமாக விளக்கினால் கேட்டுக்கொள்வேன், ஆனால் சேமலாப நிதி விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிரயாண ஆசீர்வாதம் என்பது ஏதோ நீங்கள் மேலிருந்து எங்களுக்கு அனுப்புகிற பொருள் என்றும் நினைக்க வேண்டாம். மலையகத்துச் சனங்களுக்குப் பயணத்தைப் பற்றி நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. இவர்களுடைய பாட்டன் பாட்டிமார் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தவர்கள். வழியில் கொலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கல்லிலும் எழுதவில்லை. 1854இல் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷனரி சங்கம் தோட்டத் தமிழருக்கென்று மிஷன் தொடங்கியபோது அதில் உழைத்த உபதேசிமாரும் மலைகளைக் காலால் ஏறியவர்கள்தான். பிறகு 1964 ஒக்டோபர் 30இல், குடியுரிமை இல்லாதிருந்த மலையகத் தமிழரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ள இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. கேட்காமலே அரைவாசிக்கு மேற்பட்டவர்களை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அட்டன் ரயில் நிலையத்தில் அழுது கட்டிப்பிடித்துப் பிரிந்த கதை இல்லாத குடும்பம் எங்கள் தோட்டத்தில் இல்லை. என் அம்மாவின் அண்ணன் அப்படிப் போனவர், அப்புறம் இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. 2023இல், மலையகத் தமிழர் இங்கே வந்த இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனபோது, அந்தப் பாதையில் கால் வைத்தவர்கள் எதற்காக அழுதார்கள் என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்படிப்பட்டவர்கள் ஒருவரை வழியனுப்பும்போது அதில் ஒரு கனம் இருக்கிறது. நான் அடிக்கடி போகிற ஒரு டிவிஷனில் ஒரு அப்பாயி இருக்கிறார். சபைக்கு வருகிறவர் அல்ல. மாரியம்மனுக்குக் கும்பம் எடுக்கிறவர். நான் புறப்படும்போது தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டார். தேயிலைக் கறை ஏறிய அந்த விரல்களால் என் தலையைத் தொட்டு, "பாத்துப் போ கண்ணு, மாரியாத்தா கூட வருவா" என்பார். பையில் ஒரு கட்டுக் கீரையையும் திணித்துவிடுவார். பஸ் வரும்வரை மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு முடக்கில் நிற்பார். இதை நான் எந்த அறிக்கையில் எழுதுவது? "ஆசீர்வதித்தவர்கள்" என்று ஒரு கட்டம் அதில் இல்லையே. ஒரு போதகர் இதைக் கேட்டுவிட்டு, அப்படிப்பட்ட ஆசீர்வாதத்தை மனதுக்குள் கடிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குப் புத்தி சொன்னார். நான் கடிந்துகொள்வதில்லை. கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்களும் கவனமா இருங்க அப்பாயி, மழை கூடினா ஸ்கூலுக்குப் போயிருங்க" என்று சொல்லிவிட்டு வருகிறேன். அவருடைய லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டில் டித்வாவுக்குப் பிறகு வெடிப்பு விழுந்திருக்கிறது.

எனக்காக ஜெபிக்கிற அதே மூச்சில் அந்த அப்பாயிக்காகவும் ஜெபியுங்கள் என்று கேட்பது பெரிய காரியமல்ல. நீங்கள் ஜெபிப்பீர்கள். அதற்கு மேலும் கேட்கிறேன். உங்கள் சபைகளில் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், என்ஜினியர்மார் இருக்கிறார்கள், அமைச்சுகளில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வெடிப்பு விழுந்த மேட்டின் கீழே இருக்கிற லயத்து ஆட்களுக்கு மாற்று நிலம் வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் ஏறி இறங்க எங்களுக்குக் கூட ஒரு ஆள் வேண்டும். நான் தனியாகப் போனால் வெளியே பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். கொழும்பிலிருந்து ஒருவர் கோப்போடு வந்தால் உள்ளே கூப்பிடுகிறார்கள். அநியாயம்தான், ஆனால் நிலைமை அது. மீரியபெத்தையும் முன்கூட்டியே எச்சரிக்கப்பட்ட இடம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

சாட்சி சொல்வதைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். மேலே வருகிற குழுக்களுக்குப் புறப்படுமுன் சொல்லி அனுப்புங்கள்: உயிர் தப்பியதற்கு நன்றி சொல்லலாம், தாராளமாக. ஆனால் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் யார் யாரை இழந்திருக்கிறார்கள் என்று உள்ளூர் ஊழியரிடம் கேட்டுவிட்டுப் பேசட்டும். கேட்டால் நாங்கள் சொல்வோம். சில வீடுகளில் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருவதே போதும் என்றும் சொல்வோம்.

தென்மேற்கு மழை மே கடைசியில் அட்டன் பக்கம் பிடித்துவிடும். அதற்கு முன் உங்கள் குழுக் கூட்டம் நடக்கும் என்று நினைக்கிறேன். எச்சரிக்கை நாட்களுக்கான எழுத்து அனுமதி, தங்கும் செலவு, சேமலாப நிதி, காணி விஷயத்துக்குக் கூட வருகிற ஆள் ஆகிய நாலையும் அன்று நிகழ்ச்சிநிரலில் போடுங்கள். முதல் இரண்டுக்கும் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை, அன்றைக்கே முடிக்கலாம். மற்ற இரண்டுக்கும் நேரம் எடுக்கும் என்று தெரியும். எப்போது பதில் வரும் என்றாவது சொல்லுங்கள். மாற்றுக் காணிக்கான கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன், கூட வருபவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டங்களில் ஊழியம் செய்யும் ஒரு சகோதரி
அட்டன்